பத்து நாள் பெட்டி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னால் மறந்துபோகும், எழுதி அனுப்பு என்றாய். இதோ. ரயிலை விட்டு இறங்கியதும் பின்வாசலுக்கு வா. முன்வாசலில் டாக்சிக்காரர்கள் மொய்ப்பார்கள். அங்கிருந்து சுரங்க ரயில். நடுவில் ஓரிடத்தில் வண்டி மாற வேண்டும், ஒரு சின்னப் படிக்கட்டுதான். பிறகு பஸ். கடைசி நிறுத்தத்திலேயே எங்கள் கட்டிடம்.

ஆபீசில் தணிக்கை நடக்கிறது, அழைத்துப்போக என்னால் வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே. பத்து நாளுக்கு நாலு துணி போதும். வீட்டையே கட்டிக்கொண்டு வராதே.

உன் தம்பி

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். உன் மனைவி கொடுத்தனுப்பிய போர்வை வண்டியில் குளிருக்கு உதவியது என்று அவளிடம் சொல்.

அன்றைக்கே கேட்க நினைத்தேன், அது என்னடா சின்னப் படிக்கட்டு! ஒன்றை ஏறினால் இன்னொன்று, அது முடிந்தால் இன்னொன்று. தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஓடுகிறவனுக்கு எல்லாப் படியும் சின்னப் படிதான். டிக்கெட்டைக் காட்டினேன், கதவு திறந்தது, நான் உள்ளே போய்விட்டேன். பெட்டி வெளியிலேயே நின்றுவிட்டது. பின்னால் நின்றவர், "பெட்டிய முன்னாடி தள்ளிட்டு அப்புறம்தாம்மா நீங்க வரணும்" என்றார். அதை நீ எழுதவில்லை!

பஸ்ஸில் ஒரு பெண் கைகொடுக்கப் பார்த்து, "உள்ள என்ன, கல்லா?" என்று கேட்டாள். "ஆமா, தம்பிக்கு வீடு கட்டப் போறேன்" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

உன் வெள்ளைச் சட்டைக்குக் காலரைத் திருப்பிக் கையாலேயே தைத்து உன் அலமாரியில் வைத்திருக்கிறேன், போட்டுப் பார்.

அக்கா

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இருவரும் படித்துச் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னை வழியனுப்பப் பஸ் நிறுத்தம் வரை வந்தபோது பெட்டியை நான்தானே தூக்கினேன்? பஸ்ஸுக்குள் ஏற்றுவதற்குள் கைப்பிடி உள்ளங்கையில் பதிந்துவிட்டது. முழங்காலில் ஏதோ இரும்பு இடித்தது. கேட்டதற்கு, "பழந்துணிடா" என்றாய். நானும் விட்டுவிட்டேன். என் புத்தி எங்கே போயிற்று? அது உன் தையல் மெஷின். பள்ளிக்கூட நாளில் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்தவன் நான்.

பத்து நாளுக்கு வருகிறவள் மெஷினைக் கழற்றியா கொண்டுவருவாள்? மறைக்காமல் எழுது. மனசு அடித்துக்கொள்கிறது.

தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

கண்டுபிடித்துவிட்டாயா! என் தையல் கடை இருந்த கட்டிடத்தை இடிக்கிறார்கள். எல்லோரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இனி உங்களோடு இருந்து அங்கேயே தைக்கலாம் என்றுதான் புறப்பட்டேன். பத்து நாள் என்பது நீ போட்ட கணக்கு. நேரில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

வந்த அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாரே. "அக்காவா? இனி இங்கதானா?" என்று கேட்டார். "ஐயோ, இல்ல சார், பத்து நாள்தான்" என்றாய். உனக்கு நினைவிருக்காது.

அதற்கப்புறமும் எனக்கு ஆசை விடவில்லை. நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் இன்ச் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினால் ஜன்னலோரம் மெஷின் கச்சிதமாக நிற்கும். ஆனால் பெட்டியிலிருந்து அதை வெளியே எடுக்கத்தான் மனசு வரவில்லை. வாயைத் திறக்காதது என் தப்பும்தான்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

அந்த 'ஐயோ' எனக்கு நினைவிருக்கிறது. சொன்ன கையோடு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், உன் காதில் விழுந்திருக்குமோ என்று. நீ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். விழவில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி நிறையப் பழைய புத்தகங்களை அடைத்துக்கொண்டு, நான் எழுதிக் கொடுத்த வழியிலேயே வந்து பார்த்தேன். பின்வாசலில் லிப்ட் கிடையாது. முன்வாசலில் இருக்கிறது. தினமும் அந்த வழியாகப் போகிற எனக்கே அது தெரியவில்லை. இரண்டாவது படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நீயும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாய். அன்றைக்கு அரைநாள் லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் அக்கா. நான் கேட்கவே இல்லை.

செருப்பு ஸ்டாண்டை நகர்த்திவிட்டேன். "இத அவங்க அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று இவளும் வருத்தப்படுகிறாள். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை உன்னை அழைத்துப்போக வருகிறேன். பெட்டியை நான் தூக்குகிறேன். மன்னித்துவிடு.

தம்பி

மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

புத்தகப் பெட்டியோடு படியில் நீ உட்கார்ந்திருந்ததைப் படித்து அழுதேன். பிறகு உன் மூஞ்சியை நினைத்துச் சிரிப்பும் வந்தது. உன்மேல் கோபமில்லை, நம்பு.

ஆனால் அழைத்துப்போக வராதே, பார்க்க வா. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்திருக்கிறது. நர்சுகளுக்குச் சீருடை தைக்கிறேன், கை ஓயவில்லை. நீ இடம் கொடுப்பாய், தெரியும். உன் மனைவியும் நல்லவள். ஆனாலும் ஒவ்வொரு தடவை எதிர்வீட்டுக் கதவு திறக்கும்போதும் எனக்கு அந்த 'ஐயோ'தான் கேட்கும். செருப்பு ஸ்டாண்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிடு.

மெஷினை இங்கே அதன் ஸ்டாண்டில் ஏற்றி நட்டை இறுக்கிவிட்டேன். இனி அதை நீயும் தூக்க வேண்டாம், நானும் தூக்க வேண்டாம்.

அக்கா