ஃபேன் கொக்கியிலிருந்து உன் அறை

ஊரார் வீட்டு ஃபேனையெல்லாம் கழற்றி ஏச்சு வாங்கிய என் செல்ல அண்ணாவுக்கு,

நேற்று உன் அறையைப் படம் எடுத்தேன். உன் முறைப்படியேதான். ஃபேனைக் கழற்றி, அந்தக் கொக்கியில் கேமராவைக் கவிழ்த்துக் கட்டி, வாசலில் நின்று போனில் அமுக்கினேன். எப்போதும் நான் ஏணி பிடிப்பேன், நீ ஏறுவாய். நேற்று பிடிக்க ஆளில்லை.

பனியன் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் எத்தனை அறைகளை இப்படி எடுத்திருப்பாய்! தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர், "எய்யா, படம் பிடிச்சது போதும், ஃபேன மாட்டு. வேக்காடு தாங்கல" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் எடுப்பாய். "ஆளு இருந்தா ஆளத்தான் பாப்பாங்க அம்மிணி. ஊடு தெரியாது" என்பாய். உன் அறையை மட்டும் ஏன் விட்டுவைத்தாய்?

தாராபுரம் ரோட்டில் உன் வண்டிமேல் லாரி மோதிய நாளிலிருந்து அறை அப்படியே கிடக்கிறது. அப்பாவுக்குக் காதர்பேட்டைக் கடைச் சரக்கை வைக்க வேறு இடமில்லையாம். திங்கட்கிழமை பனியன் மூட்டைகளை இங்கே இறக்குவதாகவும், கட்டிலைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவதாகவும் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான். ஆனால் உன் வாசலைத் தாண்டும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் பார்க்கிறேன். திங்கட்கிழமைக்குள் ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்றுதான் ஏறினேன்.

கட்டிலில் அம்மா படுத்திருந்தார். மத்தியானமெல்லாம் இப்போது அங்கேதான். "எந்திரிச்சுக்கட்டுமா கண்ணு?" என்றார். உன் சட்டம் நினைவுக்கு வந்தது. எழுப்பத்தான் மனம் வரவில்லை. "வேண்டாங்கம்மா, அப்படியே இருங்க" என்றேன். கோபித்துக்கொள்ளாதே.

ஏணிமேல் நின்றபோது கண்ணெல்லாம் கொக்கியில்தான் இருந்தது; படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அம்மா சுவரை ஒட்டி ஒருக்களித்து, கட்டிலில் பாதியைக் காலியாக விட்டுப் படுத்திருக்கிறார். உன் தலையணையை அந்தப் பாதியில் வைத்திருக்கிறார். வாசலில் நின்றால் கட்டிலின் தலைமாட்டுப் பலகை மட்டும்தான் தெரியும். தினமும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்?

போனை அப்பாவிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கட்டில எடுக்க வேண்டாம். மூட்டைய சுத்தீலும் அடுக்கிக்கலாம்" என்றார். பிறகு குழாயடிக்குப் போய் முகம் கழுவினார்.

மூட்டைகள் வந்த பிறகும் ஏறுவேன் அண்ணா. அம்மா பக்கத்தில் உன் இடம் இருக்கிறதா என்று மேலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

உனக்கு ஏணி பிடித்த
தங்கை