மாடி அலமாரியில் வைத்த கதை

சுசீந்திரம்
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் லட்சுமிப்ரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நல்ல சுகம், அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை அனீஷும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தாணுமாலயன் துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார், அவரைப் பற்றி அவர் முன்னாலேயே எப்படிப் பேசுவது. பக்கத்து வீட்டு ஸ்மிதா திங்கட்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதையும் கொஞ்சம் நேந்திரங்காய் வற்றலையும் கொடுத்துவிடுகிறேன். வேலையை விட்டுவிட்டு, அனீஷை அங்கே தனியே விட்டு, பங்குனியோடு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று போன வாரம் சொன்னாய் அல்லவா, அந்த ராஜினாமாவைக் கொடுக்காதே. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசி, கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

அதில் மட்டும் நீ என்னைப்போல இல்லை. நாலாம் வகுப்பிலேயே கதைப் புத்தகத்தைப் பின்னாலிருந்து பிரிப்பாய். முடிவை முதலில் வாசிக்கிறவள் சாப்பாட்டுக்கு முன்னால் பாயசத்தைக் குடிக்கிறவள் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். எனக்கு எப்போதும் இரண்டு புத்தகம் வேண்டும், அடுக்களைக்கு ஒன்று, சாய்ந்து வாசிக்க ஒன்று. இந்த மாதம் அடுக்களைப் புத்தகம் ஒரு பெரிய மனிதரின் சுயசரிதை. தான் செய்த நல்லதை எல்லாம் தானே எழுதியிருக்கிறார், அவர் பெண்டாட்டி எழுதியிருந்தால் பாதிப் பக்கம் குறைந்திருக்கும். குழம்பு கொதிக்கிற நேரத்துக்கு அது போதும். சாய்ந்து வாசிக்க எடுத்தது ஒரு நாவல். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற இரண்டு வயல், ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு. அண்ணன் பெண்டாட்டி வடிவு என்று ஒருத்தி வருகிறாள், எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. கதைகளில் வருகிற பெண்கள் பொறுமையாக இருந்து இருந்தே எனக்குச் சலித்துப்போயிருந்தது. இவள் வாயைத் திறந்தால் ஊர் வாயை மூடும். இந்த நாவலைத்தான் சொல்ல வந்தேன், உன் அப்பா விஷயம் இதற்குள்தான் இருக்கிறது.

அவர் ஐப்பசியில் நடவு பார்க்கப்போய் வரப்பில் வழுக்கி விழுந்ததும், நாகர்கோவிலில் இடுப்பு ஆப்ரேஷன் ஆனதும், நீ லீவு போட்டு ஓடிவந்ததும் நான் சொல்ல வேண்டியதில்லை. நீ போன பிறகுதான் மோசமானது. எலும்பு கூடிவிட்டது, நடந்தால்தான் நடை வரும் என்று டாக்டர் சொன்னார். பயிற்சி கொடுக்க வருகிற பிரீனாவும் கெஞ்சிப் பார்த்தாள். இந்தச் சவத்துக் கால் இனி ஒதவாது, என்ன விட்டுருங்கோ என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வலி என்று நினைத்தோம். இல்லை மகளே, பயம். இன்னொரு தரம் விழுந்துவிடுவோம் என்ற பயம். வெள்ளத்துக்கும் பாம்புக்கும் அஞ்சாமல் வயலில் கிடந்த மனிதர் கட்டிலை விட்டு இறங்க நடுங்கினார். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலித்தது, வெளியே காட்டவில்லை.

ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது வடிவு தன் கொழுந்தனைக் கேட்ட கேள்வியில் சிரித்துவிட்டேன். என்னவாக்கும் என்று கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து, இல்லாதத எழுதுனவனுக்கும் வேல இல்ல, அத வாசிக்கவளுக்கும் வேல இல்ல என்று சொல்லி வந்தவர் கேட்கிறார். சத்தமாக வாசித்துக் காட்டினேன். மறுநாளும் கேட்டார். தம்பிக்காரன் இராத்திரியோடு இராத்திரியாக மடையை அடைத்த இடம் வந்ததும், எனக்கு அப்பமே தெரியும், அவனுக்க முழியே செரியில்ல என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். வடிவு பேசுகிற இடம் வந்தால் மட்டும், இவளும் ஒன்னப் போலத்தான், வாயாடி என்பார். எனக்கு ஒரு வழி கிடைத்தது. அடுத்த அத்தியாயத்தை முன்னறையில்தான் வாசிப்பேன், வேண்டுமென்றால் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். திட்டினார் பார், அந்தத் திட்டை எல்லாம் எழுத முடியாது. கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வாக்கரோடு வந்து சேர்ந்தார். பிறகு அடுக்களை வாசல், அதன் பிறகு புறவாசல் தென்னை மூட்டு நிழல். பிரீனா, அம்மைக்க வைத்தியம் கொள்ளாமே, நல்லாயிருக்கே என்று சிரித்தாள்.

ஆனால் என் தோள் இல்லாமல் ஒரு அடி வைக்கமாட்டார். நீ பயந்ததும் அதற்குத்தானே, அம்மாவுக்கும் வயதாகிறது, எத்தனை நாள் தாங்குவாள் என்றுதானே. நீ சொன்னதில் தப்பில்லை. இதற்கு நடுவில் நான் குளிக்கப்போன நேரம் புத்தகத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து அவரே வாசிக்கிறார். படுத்தபடியே கதை கிடைத்தால் யார் நடப்பார்கள்? பிடுங்கிக்கொண்டுபோய் மாடியில் அந்தக் கிரீச்சிடுகிற மர அலமாரியில் வைத்தேன். தினமும் வாசிக்க எடுத்து வருவேன், முடிந்ததும் மேலே கொண்டுபோய் வைத்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போய்த் திரும்பினால் வீட்டில் ஒரே ரகளை, கண்ணாடியைக் காணோமாம். கட்டிலுக்கு அடியில், தலையணை உறையில், என் அரிசிப் பானையில்கூடத் தேடச் சொன்னார். கிடைக்கவில்லை. சாயங்காலம் தென்னை மூட்டில் வாசிக்க உட்கார்ந்தோம். வடிவு வயலுக்குக் கஞ்சி கொண்டுபோகிறாள், வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவுகிறாள், கொழுந்தனை நாலு கேள்வி கேட்கிறாள், சிரிக்கிறாள், அவ்வளவுதான் அந்தப் பக்கம். நான் தாளைத் திருப்பப் போகிறேன், உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். மீனாட்சி, போரும், அடுத்தது வாசிக்காண்டாம் என்றார். கால் வலிக்கிறதா என்று கேட்டேன். கண் நிறைந்துபோய், அவ போயிருவா மீனாட்சி என்றார்.

கதையில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சாகப்போகிறாள் என்று இவருக்கு எப்படித் தெரியும்? அவரைப் படுக்கவைத்துவிட்டுப் புத்தகத்தை வைக்க மாடிக்குப் போனேன். அலமாரிக்குள், சாயங்காலம் புத்தகம் எடுத்த அவசரத்தில் நான் கவனிக்காத மூலையில், அவர் கண்ணாடி இருந்தது மகளே. நான் நூலகத்துக்குப் போன நேரத்தில் அந்த மனிதர் தனியாக எழுந்து, கைப்பிடி இல்லாத படியில் ஏறி, அங்கே நின்று வாசித்துவிட்டு இறங்கியிருக்கிறார். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு சிரிப்பு வந்தது, சிரித்து முடிக்கும் முன்னே அழுகை வந்தது. தென்னை மூட்டில் அவர் கண் நிறைந்தது வடிவுக்காகவா எனக்காகவா என்று அவரைக் கேட்கமாட்டேன். கேட்டால் சொல்லுகிற ஆளும் இல்லை. எனக்குத் தெரியும், அது போதும்.

மறுநாளே கொத்தனார் நேசையனை வரவழைத்துப் படிக்கு இரும்புக் கைப்பிடி போட்டாயிற்று. என் முழங்காலுக்கு என்று சொல்லியிருக்கிறேன், அவரும் நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். கண்ணாடியை நான் எடுக்கவில்லை. எங்கே வைத்தார் என்று அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும், எடுத்துத் தா என்று கேட்கத்தான் முடியவில்லை. பேப்பரைக் கைநீட்டிப் பிடித்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

அதனால் நீ உன் வேலையைப் பார். சித்திரையில் மாப்பிள்ளையோடு லீவுக்கு வா, வரும்போது தடியாக இரண்டு நாவல் வாங்கி வா, ஒன்றிலாவது வாயாடிப் பெண் இருக்க வேண்டும், அவள் சாகக் கூடாது, கடையில் கேட்டு வாங்கு. வெயிலில் தலையில் துணி இல்லாமல் இறங்காதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, ஒருத்தருக்கு ஒருத்தர் துணையாக நீடூழி வாழ வேண்டும். போனில் மறந்தும் கண்ணாடி கிடைத்ததா என்று கேட்டுவிடாதே. நான் இன்று வேண்டுமென்றே புறவாசலில், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சற்று முன்னே உள்ளே வாக்கர் சத்தம் கேட்டது. படி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ரொம்ப நேரமாக ஒரு சத்தமும் இல்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை, தாணுமாலயனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது மாடியில் அலமாரிக் கதவு கிரீச்சிடுகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
வ. மீனாட்சியம்மாள்