கிண்ணத்தில் கிடந்த பின்

13-6-98, சனி

மூட்டம். மழை இல்லை. மூன்று நாளாகப் பைக்கில் பின் பிரேக் கரகரவென்று சத்தம். மெக்கானிக் திங்கட்கிழமைதான் பார்ப்பானாம். நாளைக்கே வண்டி வேண்டும். ஓசூர் போகும் வழியில், அத்திபெலேயில் என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கலாவையும் பாப்பாவையும் கூட்டிப்போக அவள் தம்பி சுரேஷ் அங்கிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறான். அவன் ஓட்டுவான், கலா பின்னால், பாப்பா முன்னால் பெட்ரோல் டாங்க் மேல். எனக்கு நாளை கிடங்கில் டூட்டி.

நானே பிரித்தேன். ஆயில் மாற்றியிருக்கிறேன், பிளக் துடைத்திருக்கிறேன். பிரேக் இதுதான் முதல்.

வாங்கியது: பிரேக் ஷூ ஒரு செட், உப்புத்தாள், கெரசின் அரை லிட்டர்.

சந்தில் சாக்கு விரித்து வேலை. சக்கரம் கழன்று வர ஒரு மணி நேரம். கழற்றிய சில்லறைச் சாமான்களைக் கெரசின் கிண்ணத்தில் ஊறப்போட்டேன். பக்கத்து வீட்டு கௌரம்மா எட்டிப் பார்த்து, "ஏன்ரீ, மெக்கானிக் ஆகிபிட்ரா?" மெக்கானிக்கே ஆகிவிட்டேனாம். சிரித்து வைத்தேன்.

புது ஷூ போட்டு, சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது கலா கத்தினாள். "தண்ணி வந்துருச்சு, குடம் எடுத்துட்டு வாங்க!" ஓடினேன். பதினோரு குடம். திரும்பி வந்து செயினுக்கு ஆயில். சந்துக்குள் இரண்டு சுற்று. பிரேக் பிடிக்கிறது. சத்தம் இல்லை. பெருமையாக இருந்தது.

14-6-98, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

கா. 7.30. கிளம்பினார்கள். பாப்பா டாட்டா.

கா. 8.10. டூட்டிக்குப் போகும் முன் சந்தில் வேலை செய்த இடத்தைக் கூட்டினேன். கெரசின் கிண்ணத்தைக் கொட்டினால் அடியில் ஒரு பின். சின்னது, ஹேர்பின் மாதிரி. எதனுடையது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிரேக் தட்டு சுற்றாமல் ஓர் இரும்புப் பட்டை பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பட்டையின் நட்டு கழலாமல் இருக்கத்தான் இந்தப் பின். நட்டைக் கையால் திருகிவிட்டுக் குடம் எடுக்க ஓடியவன், ஸ்பேனர் போடவேயில்லை.

நட்டு விழுந்து, சுரேஷ் பிரேக்கை மிதித்தால், பட்டை சக்கரத்துக்குள் போகும். சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஓசூர் ரோடு. பின்னால் லாரி.

சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

8.25. எஸ்.டி.டி. பூத். மாமியார் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன். "இன்னும் யாரும் வரலையே சார். என்ன விஷயம்?" வைத்துவிட்டேன்.

ஆட்டோ. மார்க்கெட். 9.05 ஓசூர் பஸ். பையில் இரண்டு ஸ்பேனர், அந்தப் பின்.

மடிவாளா வரை பஸ் நகரவேயில்லை. அப்புறம், ரோட்டோரத்தில் நின்ற ஒவ்வொரு கூட்டமும் அவர்களைச் சுற்றித்தான் என்று பட்டது. டீக்கடைக் கூட்டம்கூட. பொம்மசந்திரா தாண்டி ஒரு போலீஸ்காரர் வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். சாய்ந்து கிடந்த பைக். ஒற்றைச் செருப்பு. முன் சீட்டில் யாரோ, "ஃபேமிலி போல இருக்குது." எழுந்து கத்தினேன், "நிறுத்துங்க! நிறுத்துங்க!" கண்டக்டர், "இங்க ஸ்டாப் இல்ல சார்." குதித்திருப்பேன். அதற்குள் பஸ் அந்தப் பைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பச்சை. நம்முடையது கறுப்பு.

உட்கார்ந்தேன். வேறு யாரோ என்று சந்தோஷப்பட்டேன். அப்படிப்பட்ட சந்தோஷம்.

10.50. மாமியார் வீடு. வாசலில் வண்டி. உள்ளே கலாவின் குரல்.

உள்ளே போகாமல் பின் சக்கரத்தடியில் குனிந்து பார்த்தேன். நட்டு இருந்தது, கடைசி மரையில். விரல் பட்டதும் ஆடியது. இறுக்கினேன். பின்னைப் போடுவதற்குள் மூன்று முறை கீழே விழுந்தது.

சுரேஷ் வந்தான். "என்ன மாமா, வந்ததும் வராததுமா வண்டிய பாக்கறீங்க?"

"செயின் லூஸா இருக்குமோன்னு."

"நல்லாத்தான் ஓடுச்சு. பாப்பா வாந்தி, அதனால நிறுத்தி நிறுத்தி வந்தோம். இல்லாட்டி எண்பதுல வந்திருப்பேன்."

எண்பது.

கலா, "டூட்டி இல்லையா?" என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன். "உங்க ரெண்டு பேரையும் பாக்கணும் போல இருந்துச்சு." அவள் அம்மா, கண்ணில் கட்டோடு, சிரித்தார்.

வண்டியைச் சுரேஷிடமே விட்டு, மெக்கானிக்கிடம் காட்டாமல் எடுக்காதே என்று சொல்லி, மூவரும் பஸ்ஸில் வந்தோம். பாப்பாவின் வாந்தியைக் காரணம் காட்டினேன்.

15-6-98, திங்கள்

தூறல். குழாயடியில் கலா, கௌரம்மாவிடம்: "ஒரு நாள் விட்டுட்டு இருக்க முடியல இவருக்கு. பின்னாலயே பஸ் புடிச்சு வந்துட்டார்." இரண்டு பேருக்கும் சிரிப்பு. அவர்கள் போகும்வரை நான் வெளியே வரவில்லை.

கிடங்கில், நேற்று வராததற்கு மாமியாருக்கு உடம்பு மோசம் என்றேன். இன்னொரு பொய்.

17-6-98, புதன்

கண்ணை மூடினால் ஒற்றைச் செருப்பு. பாப்பா என் மடியில் முன்பக்கமாக உட்கார்ந்து, "டுர்ர்ர், அத்திபெலே போலாம்" என்கிறாள்.

இன்று கலாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாம். கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். திட்டவில்லை.

"பாப்பா முன்னாடி உக்காந்திருந்தா" என்றாள். அவ்வளவுதான்.

20-6-98, சனி

வெயில். மூன்று நாளாகப் பேச்சில்லை. சுரேஷ் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். மெக்கானிக் எல்லாம் சரி என்றானாம். சாவி ஆணியில் தொங்குகிறது. நான் தொடவில்லை.

மாலை கலா துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அன்னிக்கு பஸ்ல எந்தப் பக்கம் உக்காந்து வந்தீங்க?"

"இடது பக்கம். ஜன்னலோரம்."

"ஏன்?"

"ரோட்டோரம் தெரியும்ல."

துணியைக் கீழே வைத்தாள். "அத்திபெலே வரைக்கும் எங்களத் தேடிக்கிட்டேவா வந்தீங்க?"

"ஆமா."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம், "நாளைக்குக் காலைல பாப்பாவ கௌரம்மாகிட்ட விடறேன். நான் மட்டும் பின்னாடி உக்காறேன். தெரு முனை வரைக்கும் ஓட்டுங்க. மெதுவா."

சரி என்றேன். பயமாக இருக்கிறது.