பவளக் கல்லோடு வந்த இறால்

கோட்டைப்பட்டினம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பாசிலாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் உம்மாவும் இறைவன் அருளால் சுகம், நீயும் மருமகன் அஸ்வரும் அங்கே சுகமாக இருக்க ஒவ்வொரு வேளைத் தொழுகையிலும் துஆ கேட்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையைத்தான் மறந்து மறந்து போடுகிறாள். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் உம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிறது. எதிர்வீட்டு சல்மான் லீவு முடிந்து நாளை ஷார்ஜாவுக்குப் புறப்படுகிறான், அவன் கையில் இதையும் நெத்திலிக் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். விரலில் போட்ட இரண்டு தையலும் பிரிக்கும் வரை அந்தக் கையை நனைக்காதே, பாத்திரத்தை அஸ்வர் கழுவட்டும், கழுவினால் ஒன்றும் குறைந்துவிட மாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வீட்டில் கடல் தண்ணீர்த் தொட்டி வைத்து அதில் பவளக் கல் வாங்கிப் போட்ட நாளிலிருந்து, அந்தக் கல்லில் ஒட்டிக்கொண்டு வந்த பூச்சி புழுவையெல்லாம் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போடுகிறாய். போட்டுவிட்டு, மாமா இது என்னங்க மாமா என்று உன் மாமனாரைக் கேட்கிறாய். அவர் பொன்னமராவதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான், ஆனால் கடலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, நம் ஊருக்கு வந்தபோது கரையில் நின்ற படகில் ஏறியதற்கே அவருக்குத் தலை சுற்றியது. அவர் நெட்டில் தேடி, இது முடிப் புழும்மா, குப்பையத் திங்கும், இருந்துட்டுப் போகட்டும் என்று போடுவார். உடனே ஆளாளுக்குக் கட்டை விரலைத் தூக்குவார்கள், உன் உம்மாவும் கை தட்டுவாள். முப்பத்திரண்டு வருஷம் வலை இழுத்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான். அவர் சொன்னதெல்லாம் சரியாக வேறு இருந்து தொலைத்தது. எனக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. வலையை உதறும்போது எதைக் கையால் எடுக்கலாம், எதைக் குச்சியால் தள்ள வேண்டும் என்பதுதான் நான் படித்த படிப்பு, அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

போன வாரம் வெள்ளிக்கிழமை அந்தப் படத்தைப் போட்டாய். கல்லின் ஓட்டைக்குள் துருத்திக்கொண்டு இரண்டு கண், தொட்டியில் டக் டக்கென்று சத்தம் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். அது சொடக்குப் போடுற எறாம்மா, ஒரு கை மட்டும் பெருசா இருக்கும், ஒண்ணும் செய்யாது என்றார் உன் மாமா. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்தக் கையும் பெருத்திருக்கவில்லை, கும்பிடு பூச்சியைப் போல முன்கை இரண்டும் மடங்கி இருந்தன. அந்த இறால் வலையில் வந்தால் படகில் ஒருவரும் விரல் வைக்க மாட்டோம், என் இடது கட்டை விரல் தழும்பு அது போட்டதுதான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கைய விட்டுறாதம்மா என்று டைப் அடித்தேன். அனுப்புவதற்குள், மாமா சொன்னாச் சரியாத்தான் இருக்கும் என்று உன் பதில் வந்தது. அடித்ததை அழித்துவிட்டேன். தொட்டியில் இருக்கிற மீனில் நாலை அது அடித்துத் தின்னட்டும், அப்புறம் அத்தாவைத் தேடுவாள் என்று இருந்துவிட்டேன். தொட்டியைத் துடைக்க நீ கையை விடுவாய் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் பாசிலா.

புதன்கிழமை தொட்டிக்குள் விட்ட உன் விரலை அது கிழித்த செய்தி வந்ததும் சம்பந்தி எனக்கு போன் போட்டு அழுதார். என்னாலதான் சம்பந்தி, நான்தானே ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னேன் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெரியாமச் சொன்னீங்க, விடுங்க என்று பெரிய மனிதனைப் போல மன்னித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று உன் உம்மாவிடம் சொன்னேன், பெத்த புள்ள வெரலவிட ஒங்க ரோஷம் பெருசாப் போச்சா என்று கேட்டாள், அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். செவ்வாய்க்கிழமை பொன்னமராவதிக்கு பஸ் ஏறப்போகிறேன், அவர் கடையிலேயே வைத்துச் சொல்லிவிடுவேன். அவருக்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு.

இனிமேல் எதைக் கண்டாலும் உன் மாமாவிடமே கேள், அவர் நிதானமாகப் பார்த்துச் சொல்கிறவர் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இதோ எழுதியும் விட்டேன், மனசு ஒப்பவில்லை. என்னிடமும் கேளம்மா.

அல்லாஹ் உன் கையைச் சீக்கிரம் ஆற்றி, உனக்கும் அஸ்வருக்கும் நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். தையல் பிரித்ததும் மறக்காமல் விரலைப் படம் பிடித்து அனுப்பு. குரூப்பில் போடாதே, முதலில் எனக்கு மட்டும் அனுப்பு.

உன் அத்தா,
அப்துல் மஜீது.