படாத கால்

அக்டோபர் 3, வெள்ளி

மழை. பயிற்சி பாதியிலேயே நின்றது. முழங்கால் இன்று பரவாயில்லை.

ஞாயிறன்று கோப்பை அரையிறுதி. முப்பத்துமூன்று வயதாகிறது, ராத்கீல் ரோவர்ஸ் எனக்கு ஏழாவது கிளப். இன்றுவரை ஓர் இறுதிப்போட்டியில்கூடக் கால் வைத்ததில்லை. எதிரணி கில்டோனா. என்னைத் தடுக்கப் போகிறவன் மானஸ் கில்டே. பதினேழு வயதில் இங்கிலாந்தில் ஒரு கிளப்புக்குப் பயிற்சிக்குப் போய் ஒரே அறையில் கிடந்தோம், வெந்து குழைந்த ஒரே முட்டைக்கோஸைத் தின்றோம். இரண்டு பேரையும் ஒரே காலையில்தான் வேண்டாமென்று அனுப்பினார்கள். கப்பலில் ஊர் திரும்பும்போது அவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான். நான் அழுதுவிடக் கூடாதாம்.

"சிநேகிதனைத் தள்ளிவிட்டுட்டு கோல் போடுவியா?" என்று என் மனைவி ஓர்லா கேட்டாள். போடுவேன் என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆட்டம் முடியப் போகிறது, ஒன்றுக்கு ஒன்று. பந்து எனக்கு வந்தது. மானஸைத் தாண்டி பெனால்டி எல்லைக்குள் நுழைந்தேன். என் வலது பூட் என் இடது குதிகாலிலேயே சிக்கியது. விழுந்தேன். வேறொன்றும் நடக்கவில்லை. மானஸின் கால் என் மேல் படவே இல்லை.

விசில். பெனால்டி. மானஸுக்குச் சிவப்பு அட்டை.

அவன் நடுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "லோர்கன், பட்டுச்சா? சொல்லுடா! பட்டுச்சா?"

நான் குனிந்து காலுறையை இழுத்துவிட்டேன். ஆமாம், காலுறையை. அது இறங்கக்கூட இல்லை.

அப்புறம்தான் அவன் நடுவரின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அவர் மல்லாந்து விழுந்தார். நான்கு பேர் சேர்ந்து மானஸை இழுத்துப் போனார்கள். பெனால்டியை நானே அடித்தேன். உள்ளே போனது. எல்லாரும் என் மேல் ஏறிப் படுத்தார்கள்.

அக்டோபர் 8, புதன்

கசாப்புக்கடை நோயல் காசு வாங்க மறுத்து ஒரு கட்டு சாசேஜைக் கையில் திணித்தான். "என்னா விழு விழுந்தே ராசா! நான் என் பொண்டாட்டி கால்ல கூட அப்படி விழுந்ததில்ல." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மது விடுதியில் நான் விழுகிற படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். பதினைந்து வருடம் ஓடியதற்கு ஒரு படம் இல்லை.

சாசேஜைக் குப்பையில் போட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

பயிற்சியில் மேனேஜர் டெஸி எல்லாரையும் வட்டமாக நிறுத்தினார். "பாத்துக்குங்கடா. இதுதான் அனுபவம். லோர்கன், நீ எப்படி விழுந்தேன்னு பசங்களுக்குக் கொஞ்சம் காட்டு."

முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வளர்ந்த ஆண்கள் என்னைச் சுற்றி ஒவ்வொருவராகப் புல்லில் விழுந்து புரண்டு, காலைப் பிடித்துக்கொண்டு அலறிப் பழகினார்கள். டெஸி மார்க் போட்டார்.

சீ.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசையில் ஃபாதர் பிரசங்கத்தின் நடுவே, "விழுந்தவர்கள் எழுவார்கள், நம் லோர்கனைப் போல" என்றார். கைதட்டினார்கள். கோயிலுக்குள்! எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரில் பாட்டு எண்கள் மாட்டிய பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஓர்லா கேட்டாள். "உண்மையைச் சொல்லு. அவன் கால் பட்டுச்சா இல்லியா?"

சொன்னேன். கேட்டுவிட்டு என் தட்டில் உருளைக்கிழங்கை வைத்தாள்.

"அப்ப ஏன் இன்னும் இங்க உக்காந்து தின்னுட்டிருக்கே?"

அக்டோபர் 15, புதன்

நடுவர் மேல் கைவைத்ததற்காக மானஸை ஒரு வருடம் தடை செய்வார்கள் என்று பேச்சு. எங்கள் வயதில் ஒரு வருடம் என்றால் எல்லாம் முடிந்தது. இருபத்துமூன்றாம் தேதி டப்ளினில் விசாரணை. கால் படாமலே வெளியே அனுப்பினார்கள் என்று தெரிந்தால் தண்டனையைக் குறைப்பார்களாம். டிவிக் கேமரா எதிர்ப்பக்கம் இருந்ததாம், அவன் முதுகுதான் தெரிகிறதாம். படவில்லை என்று சொல்ல ஆள் இரண்டே பேர். அதில் ஒருவன் அவன்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. எதற்கு எடுப்பான்?

அக்டோபர் 17, வெள்ளி

விசாரணையில் போய்ச் சொல்லிவிடலாமா என்று நான் யோசிப்பதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார் டெஸி. காரில் உட்கார வைத்துப் பேசினார்.

"வாயைத் தொறந்தா உனக்கு ரெண்டு மேட்ச் தடை போடுவானுங்க. ரெண்டாவது மேட்ச் ஃபைனல்டா, மடையா. நடுவரைத் தள்ளுன்னு நீயா அவன்கிட்ட சொன்னே?"

"அவன் என்கிட்ட கேட்டான் டெஸி. நான் பதில் சொல்லல."

"ஃபைனல்ல ஆடு. அடுத்த வருசம் ஜூனியர் டீமுக்கு நீதான் கோச். என்ன, சரியா?" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

பெரிய நியாயம் ஒன்றும் என் மனதில் ஓடவில்லை. ஃபைனலில் ஆடத்தான் ஆசை. எதற்கு மறைக்க? அவ்வளவு ஆசை. வீட்டுக்கு வந்து கன்னத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அக்டோபர் 23, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர், முன்னால் பிஸ்கட் தட்டு. அவர்களில் இருந்த அம்மாள் கேட்டார்: "அப்பவே ஏன் நடுவர்கிட்ட சொல்லல?"

"ஜெயிக்கணும்னு இருந்துச்சு."

மானஸின் தடை டிசம்பரோடு முடிகிறது. எனக்கு இரண்டு ஆட்டம், டெஸி சொன்னபடியே.

வெளியே தாழ்வாரத்தில் மானஸிடம் கை நீட்டினேன். அவன் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. "மீன் கடை வரிசையில நின்னப்ப எங்கம்மாகிட்டயே கேட்டாங்க, அந்த ரவுடி உங்க புள்ளைதானேன்னு. மூணு வாரம் வேணுமாடா உனக்கு, ஒரு வார்த்தை சொல்ல?"

போய்விட்டான். அவன் கேட்டதில் என்ன தப்பு?

அக்டோபர் 25, சனி

கார் முழுக்க முட்டை. எவ்வளவு கழுவியும் நாற்றம் போகவில்லை. நோயல் என்னைக் கண்டதும் கடைக்குள் திரும்பிக்கொண்டான்.

நவம்பர் 2, ஞாயிறு

இறுதிப்போட்டி. கோட் போட்டுக்கொண்டு மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டுக்குச் சுழியம், ஜெயித்துவிட்டோம். எனக்குப் பதிலாக இறங்கியவன்தான் முதல் கோல் போட்டான்.

திட்டுவார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் திட்டவில்லை. ஒரே ஆட்டம் பாட்டம், என் ஞாபகமே யாருக்கும் வரவில்லை. நான் இல்லாமலே முடிந்திருக்கிறது. இதற்காகவா காலுறையை இழுத்துவிட்டேன்?

ஊர் திரும்பும்போது பள்ளி மைதானத்தில் பொடிசுகள் விழுந்து பழகிக்கொண்டிருந்தன. ஒருத்தன் கத்தினான்: "டேய், நல்லா ஒரு லோர்கன் போடு!"

நவம்பர் 20, வியாழன்

ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். டெஸி வரவில்லை. அலுவலகப் பெண்தான் சொன்னாள், பாவம்.

டிசம்பர் 9, செவ்வாய்

கில்டோனா மேனேஜர் கூப்பிட்டார். ஒரு வருடத்துக்கு ஆள் வேண்டுமாம். என்னையா என்று கேட்டேன்.

"மானஸ்தான் உன் பேரைச் சொன்னான். 'அவன் பொய் மூணு வாரத்துக்கு மேல தாங்காது, தைரியமா எடுங்க'ன்னான்."

ஓர்லா சிரித்த சிரிப்பில் தேநீர் கொட்டிவிட்டது.

ஜனவரி 14, புதன்

புது இடத்தில் முதல் பயிற்சி. மானஸ் கை கொடுக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தான். இரண்டு அணியாகப் பிரித்தபோது எதிரில் போய் நின்றுகொண்டான்.

பந்தோடு அவனைத் தாண்டினேன். காலை வாரிவிட்டான். சந்தேகத்துக்கே இடமில்லாமல், முழுசாக. முகம் சேற்றில் போய்ப் பதிந்தது. ஆட்டம் நின்றுவிட்டது.

மேலே வந்து நின்றான். "பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"எந்திரி அப்ப." கை கொடுத்தான்.

கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருக்கிறது. ஓர்லா ஐஸ் வைத்துக் கட்டிவிட்டிருக்கிறாள். காலையில் மறுபடி போக வேண்டும்.