சிரிக்கவா, மெல்லவா?

அன்பு வினோலியா,

நீயும் அத்தையும் சுகமா? அத்தையின் முழங்கால் வலி தேவலையா? நெய்வேலியில் நான் நலம், முன்பல் இரண்டுதான் இல்லை. மழையில் பஸ் படி வழுக்கிவிட்டது. பயப்படாதே, வலி போய்விட்டது.

பல் டாக்டரம்மா இரண்டு மாதிரி பல் செட் காட்டினார். "வளையிற செட்டுன்னா சிரிச்சா கம்பி தெரியாதுங்க. மெட்டல் பிரேம்னா ஓரத்துல கொக்கி தெரியும், ஆனா நல்லா மெல்லலாம். சிரிக்கவா, மெல்லவா, யோசிச்சு சொல்லுங்க" என்றார்.

நேற்று ஷிப்ட் முடிந்து பஸ்சில் கண்ணயர்ந்தேன். கனவில், சுரங்கத்து நிலக்கரியில் என் பல் இரண்டும் முல்லையாகப் பூத்திருந்தன. நீ பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு, "இதுவே போதும்" என்றாய். எது என்று கேட்பதற்குள் என் குடியிருப்பு பிளாக் வந்து விழித்துவிட்டேன்.

நீயே முடிவு செய். மெஸ் சோறு எப்போதும் குழைவுதான். சேர்ந்து சிரிக்கவும் இங்கே ஆளில்லை. மாங்காய்த் தொக்கு கொஞ்சம் அனுப்பு, அதற்குப் பல் வேண்டாம்.

ஒரு வாரமாகப் போனை எடுக்கவில்லை என்று கோபிக்காதே. பல் இல்லாமல் உன் பெயரின் 'வி' வெறும் காற்றாகப் போகிறது.

பஸ் ஹாரன் கேட்கிறது. இது கிடைத்ததும் கூப்பிடு. நீ பேசு, நான் 'ம்' மட்டும் சொல்கிறேன்.

உன்
ஆரோன்