முகம் பார்த்து உட்காருபவர்

மார்ச் 3, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கடிதம் போட்டு ஒரு மாதம் ஆகிறது. அந்தக் கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா காதில் விழும் என்று போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

நம் வாத்தியாருக்கு மூக்கு போய்விட்டது, அக்கா. எட்டு வருஷம் அப்பாவோடு வெடிகுண்டு தேடிய நாய்க்கு இப்போது வாசனையே தெரியவில்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா குளிக்கப் போனபோது, முற்றத்தில் ஐந்து அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்தேன். வெடிமருந்து வாசனை ஏற்றிய பயிற்சித் துணியை இரண்டாவதில் ஒளித்தேன். வாத்தியார் எல்லாவற்றையும் முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதோ நினைப்பில் நாலாவதைப் பார்த்தேன். உடனே அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்பதற்கு அதுதானே அடையாளம்? மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் என் கண் போன இடத்தில்தான் உட்கார்ந்தார்.

அப்பாவின் வெடிகுண்டு தேடும் படையில் நடக்கும் மாதச் சோதனையிலும் துணி எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுவார்களாம். அங்கே அதுதான் வழக்கம். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பதினைந்தாம் தேதி அவர்கள் இரண்டு பேருக்கும் விளையாட்டரங்கில் காவல் வேலை. அங்கே நிஜமாகவே ஏதாவது இருந்தால் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? வாத்தியார் அதைத் தாண்டிப் போவார். அப்பா பின்னாலேயே போவார்.

சொன்னால் வாத்தியாரை, வேலைக்கு ஆகாத நாய்களை அடைத்து வைக்கும் கொட்டடிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அப்பா என்னை மன்னிக்கவே மாட்டார். நான் என்ன செய்ய?

உன் வால்


மார்ச் 9

என் வாலுக்கு,

ஒரு மாதம் எழுதாதது தப்புதான். நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் புதுக் கூடம் திறக்கப் போகிறோம். மனிதர்கள் விலங்குகளை என்னவாக நினைத்தார்கள் என்பதுதான் பொருள். முதல் பெட்டியில் ஒரு புதைகுழியின் படம் இருக்கிறது. பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இறந்த ஒருவருடைய கை, பக்கத்தில் கிடக்கும் நாய்க்குட்டியின் மேல் இருக்கிறது. அடுத்த பெட்டியில், பன்றியைக் குற்றவாளியாக்கி நீதிமன்றத்தில் விசாரித்த ஊர்கள். அதற்கடுத்து, விலங்கு வெறும் இயந்திரம், அதன் அலறல் சக்கரத்தின் கிரீச் சத்தம் போலத்தான் என்று சொன்ன படித்தவர்கள்.

கடைசியில் கணக்குப் போடும் குதிரை. விடையைக் குளம்பால் தட்டிக் காட்டுமாம். கேட்பவருக்கே விடை தெரியாதபோது அது தடுமாறியது. எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. மோசடி என்று சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தக் குதிரையைக் கும்பிடத் தோன்றுகிறது. நம் முகத்தில் இருப்பது நமக்கே தெரியாது, அது படித்துவிட்டது.

வாத்தியாரும் அப்படித்தான். மூக்கு போனதும் அவர் வேலையை விடவில்லை, உங்களைப் படிக்க ஆரம்பித்திருக்கிறார். அப்பாவிடம் சொல். பதினைந்துக்கு முன் சொல். வாத்தியார் ஏமாற்றுகிறார் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பதினாலாம் தேதிதான் வந்தது. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று கதவருகிலேயே நின்றேன். அப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “நீயே ஒளிச்சு வை. எங்கேன்னு என்கிட்ட சொல்லாதே. வச்சுட்டு உள்ள போயிடு” என்றார்.

துணியை ஒளித்துவிட்டு உள்ளே போய், சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். வாத்தியார் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அப்பாவுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து அண்ணாந்து பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வாத்தியார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கடைசியில் அப்பா காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பா குனிந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். “எத்தனை நாளாடா என்னையே பாத்துட்டிருந்தே?” என்றார்.

வாத்தியாருக்கு மூக்கு போனதை அன்றே போய் எழுதிக் கொடுத்துவிட்டார். விளையாட்டரங்குக்கு வேறு நாய் போனது. இனிமேல் சோதனையில் நாயோடு போகிறவருக்குத் துணி இருக்கும் இடம் தெரியக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்களாம். கண்டுபிடித்தது யார் என்று அதிகாரி கேட்டதற்கு, “என் சின்னப் பொண்ணு” என்றாராம் அப்பா. என்னிடம் சொல்லவில்லை, அம்மா சொன்னாள்.

கொட்டடிக்கு அனுப்ப வேண்டாம் என்று அப்பா கையெழுத்துப் போட்டு வாத்தியாரை நிரந்தரமாக வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். நேற்று அப்பா சாப்பிட உட்கார்ந்தார். வாத்தியார் எதிரே வந்து அவர் முகத்தையே பார்த்தார். அப்பா காலி உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினார்.

“என்னடா பாக்குறே? ஒண்ணும் ஒளிச்சு வைக்கல.”

உன் வால்